சூறாவளி ஆண்டில் பிறந்தவர்கள்

இதை எழுதப் பல வருடமாக எனக்கு மனம் வரவில்லை. கண்ணகை அம்மன் வாசலில் மட்டும் சொல்லி அழுதிருக்கிறேன்.

சண்டைக் காலத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை உதவியாளனாக இருந்தேன். வெளிநாட்டு உதவியில் புது மெஷின் வந்தது. படம் கொம்பியூட்டர் திரையில் விழும். பெயரும் பிறந்த திகதியும் அடிக்காவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. வாகரைப் பக்கமிருந்து அகதியாக வந்த சனத்திடம் பிறப்புப் பத்திரம் ஏது? “சூறாவளி வருசம் பிறந்த பிள்ளை” என்பார்கள். சூறாவளி அடித்த எழுபத்தெட்டாம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியை அடித்துவிடுவேன்.

“எங்க எல்லாரையும் ஒரே நாள்ல பிறக்க வெச்சிட்டீங்களே அண்ணன், மருத்துவிச்சி ஓடிக் களைச்சிருப்பாளே” என்று ஒருத்தி சிரித்தாள்.

சிரிக்கிற காரியமல்ல அது. பெயரும் திகதியும் ஒத்துப்போனால் மெஷின் இருவரையும் ஒருவராக்கி, பழைய படத்தையே முதலில் காட்டும். அதை ஒருமுறை கண்டுபிடித்துப் பெரிய டொக்டரிடம் சொல்லியும் இருந்தேன்.

அடுத்த கிழமை, அந்தத் திரை பாவிக்க இலகுவா என்று விசாரிக்கக் கொழும்பிலிருந்து மெஷின் தந்தவர்களின் ஆளாக ஒரு பெண்பிள்ளை படிவத்தோடு வந்தாள். அவள் வருமுன் டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“குறை சொல்லிராத. பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க. பிறகு உன்ட தலையாலயா படம் புடிக்கிற?”

அந்தப் பிள்ளை என் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். டொக்டர் கதவடியில் நின்றார்.

“ஐயா, இதில என்ன கஷ்டம்? பயப்படாமச் சொல்லுங்க.”

“ஒரு கஷ்டமும் இல்ல மிஸ். நல்ல லேசு.”

“பிறந்த திகதி தெரியாதவங்க வந்தா?”

“எல்லாருக்கும் தெரியும் மிஸ்.”

அவள் எழுதிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, குருக்கள்மடத்துப் பள்ளிக்கூடத்தில் அகதியாகத் தங்கியிருந்த ஒரு பெண்ணைப் புருசன் கூட்டிவந்தான். விலாவில் செல்குண்டுத் துண்டு கிழித்த சின்னக் காயம். வழமைபோல அதே திகதியை அடித்துப் படம் எடுத்தேன். அன்று சனம் நெரிந்தது, சரிபார்க்கவில்லை. டொக்டரின் திரையில் திறந்தது அதே பெயருள்ள வேறொருத்தியின் சுத்தமான நெஞ்சுப் படம்.

“ஒண்டுமில்ல, மருந்து கட்டிட்டுப் போங்க” என்று அனுப்பிவிட்டார்.

நாலாம் நாள் திரும்பக் கொண்டுவந்தபோது அவளுக்கு மூச்சில்லை. அன்று எடுத்த அவளுடைய படத்தைத் தேடித் திறந்தேன். நெஞ்சுக்குள் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

“அண்டைக்குப் படத்தில ஒண்டுமில்லையெண்டுதானே சொன்னீங்க?” என்று புருசன் கேட்டான்.

“ஓம் தம்பி” என்றேன்.

பிறகு அந்தக் கொழும்புப் பிள்ளையின் அறிக்கை வந்தது. பாவிப்பவர்கள் எந்தச் சிரமமும் தெரிவிக்கவில்லையாம். டொக்டர் அதைச் சுவரில் ஒட்டினார். இன்னொரு மெஷினும் கிடைத்தது.

வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் டொக்டர் மிரட்டினார், பாவம் அவன் என்ன செய்வான் என்று எனக்காக ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். எல்லாருக்கும் தெரியும் என்று சொன்னது நான்தான். அதை அப்படியே சொல்லுங்கள்.