சின்ன எழுத்தில் ஜெயமாலா

கடிதம் சரியான முகவரிக்குத்தான் வந்திருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ், நான்காவது மாடி, அதே வீடு. பெயர்தான் வேறு. 'அன்புள்ள உறுப்பினர் திரு. கௌசிகன் சண்முகரத்தினம் அவர்களுக்கு' என்று தொடங்கியது. கௌசிகன் மெல்போர்னுக்குப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. வாசகசாலைச் சங்கத்தின் படியை அவன் கடைசியாக மிதித்தது பத்து வயதில், கழிப்பறை தேடி.

ஜெயமாலா கடிதத்தை இரண்டு தரம் படித்தார். அறுபத்து மூன்று வயது. கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் சண்முகரத்தினம் அந்தச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்து, போன பங்குனியில் காலமானார். பதிவேட்டில் அவர் பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்டு, கீழே மகன் பெயரை எழுதிவிட்டார்கள். மனைவியை யாரும் கேட்கவில்லை.

கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு, நேரே சங்கத்துக்கு நடந்தார்.

தலைவர் சின்னையா பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்தவர். எழுபத்தெட்டு வயதிலும் சட்டைப்பையில் மூன்று பேனா.

"என் பேர எழுதிடுங்கண்ணே. அவ்வளவுதான் கேக்குறேன்," என்றார் ஜெயமாலா.

"டீச்சர், நீங்க இல்லாம இந்தச் சங்கமே இல்லலா. யாராச்சும் இல்லன்னு சொல்வாங்களா? ஆனா ரூல் ஒன்னு இருக்கே."

"என்ன ரூல்?"

"ஏழாவது. மெம்பர் போயிட்டா மூத்த மகனுக்குப் போகும். வைஃப், ஹஸ்பண்டோட மெம்பர்ஷிப்புக்குள்ள அடக்கம்."

"ஹஸ்பண்டே இல்ல. நான் எதுக்குள்ள அடங்குறது?"

சின்னையா மேசை இழுப்பறையைத் திறந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஜெயமாலா முன்னால் வைத்து, விரலால் அடியில் தொட்டுக் காட்டினார். "இத யாரு டைப் பண்ணதுன்னு பாருங்க. அப்போ கண்ணுல படலையா டீச்சர்?"

அரசாங்க அலுவலகங்களில் பழகியவர்களுக்கு அந்த வழக்கம் தெரியும். கடிதத்தின் அடியில், இடது மூலையில், கையெழுத்துப் போடுகிறவரின் முதலெழுத்துகள் பெரியதாக இருக்கும். பக்கத்தில் ஒரு சாய்கோடு. அதற்கப்பால் தட்டச்சு செய்தவரின் எழுத்துகள், சின்னதாக. விதிப்புத்தகத்தின் அடியில் சண்முகரத்தினத்தின் எஸ்.ஆர். பெரிய எழுத்தில், சாய்கோடு, ஜெயமாலாவின் ஜே.எம். சின்ன எழுத்தில். சங்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அரசாங்க உத்தியோகக்காரர்கள். அலுவலகப் பழக்கத்தை அப்படியே சங்கத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

கண்ணில் பட்டதுதான். அதுதான் ஜெயமாலாவைச் சுட்டது. தொண்ணூற்றெட்டில் பழைய விதிகளைப் புதிதாகத் தட்டச்சு செய்தபோது, ஏழாம் விதியில் ஒரு காற்புள்ளி தவறான இடத்தில் இருந்தது. அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். வாக்கியம் என்ன சொல்கிறது என்று நின்று யோசிக்கவில்லை. பள்ளித் தேர்வுத்தாள்கள் குவிந்திருந்தன, அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது, கணவர் விடியற்காலைக்குள் வேண்டும் என்றிருந்தார்.

"ரூலை மாத்தணும்னா?"

"ஏஜிஎம்ல மூனுல ரெண்டு பங்கு மெம்பருங்க கை தூக்கணும்."

"மெம்பர் எல்லாம் ஆம்பளைங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது," என்றார் சின்னையா. சொல்லிவிட்டு, "அப்புறம் டீச்சர், மறந்துடாதீங்க. ஏஜிஎம் அன்னிக்குக் காலைல உங்க ஸ்பீச். ஆளு சேரணும்ல," என்றார்.

ஆண்டுக்கூட்டத்துக்கு முன்னால் ஒரு சொற்பொழிவு வைப்பது சங்கத்தின் வழக்கம். அன்றைய பேச்சாளர் ஜெயமாலா. தலைப்பு மூன்று மாதத்துக்கு முன்பே முடிவானது: பண்டைய சமுதாயங்களில் பெண்ணின் நிலை.

அன்று மாலை கௌசிகனைத் தொலைபேசியில் அழைத்தார். அவன் சிரித்தான்.

"இது சின்ன விஷயம்மா. நான் ஒரு ஆத்தரைசேஷன் லெட்டர் அனுப்பிடுறேன். என் பேர்ல நீங்க போய் ஓட்டு போடுங்க. சிம்பிள்."

"நீ எனக்குப் பர்மிஷன் குடுக்குற?"

"அப்படி இல்லம்மா. எனக்கு அந்தச் சங்கமே வேணாம். நீங்களே வச்சுக்குங்க."

"நான் வச்சுக்க முடியாதுடா. அதத்தான் ஒரு மணி நேரமா சொல்லிட்டிருக்கேன்."

கடிதம் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. நல்ல பிள்ளை. 'என் தாயார் எனக்காக வாக்களிக்க இதன்மூலம் அனுமதிக்கிறேன்.' ஜெயமாலா அதைக் கீழே கடையில் அச்செடுத்து, நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் போட்டார். பயன்படுத்துவதில்லை என்ற முடிவோடுதான் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். உறுப்பினர்கள் இருபத்தாறு. மற்றவர்கள் அவர்களுடைய மனைவிமார். பாதிப்பேர் பின்கட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயமாலா நாற்பது நிமிடம் பேசினார். ஏதென்ஸ் நகரத்தில் ஒரு பெண் வழக்குமன்றத்தில் தனக்காகத் தானே பேச முடியாது, அவளுக்குப் பொறுப்பாக ஓர் ஆண் எப்போதும் வேண்டும் என்றார். முதலில் அப்பா, பிறகு கணவன், கணவன் போனால் அவள் பெற்ற மகன். ரோமாபுரியில் பெண் குழந்தைக்குத் தனிப்பெயரே வைக்கமாட்டார்கள், தகப்பனின் குலப்பெயர்தான், இரண்டு பெண் பிறந்தால் பெரியவள் சின்னவள் என்று பிரித்துக் கூப்பிடுவார்கள் என்றார். முன்வரிசையில் தலைகள் ஆடின.

"அந்தக் காலத்துல பொம்பளைங்க ரொம்ப பாவம்," என்றார் ஒருவர், வாயில் வடையோடு.

"நல்லவேள நாம மாறிட்டோம்," என்றார் இன்னொருவர்.

ஜெயமாலா அவரைப் பார்த்தார். வகுப்பறையாக இருந்தால் எழுப்பி நிற்க வைத்திருப்பார்.

பேச்சு முடிந்து பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு, கூட்டம் தொடங்குவதால் உறுப்பினர் அல்லாதவர்கள் பின்வரிசைக்குப் போகலாம் என்று புதிய செயலாளர் யுகேந்திரன் அறிவித்தார். முப்பத்தைந்து வயதுக்காரர், மரியாதையானவர். பொன்னாடையோடு ஜெயமாலா பின்வரிசைக்குப் போனார்.

மனைவியும் மகளும் உறுப்பினராகலாம் என்று ஏழாம் விதியைத் திருத்தும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பங்சாரில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் சிவேந்திரன். ஜெயமாலா அவரிடம் நாலு தரம் போய்ப் பேசியிருந்தார். சமத்துவம், நியாயம் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் பொண்ணு. இந்த ரூல் இருந்தா எனக்கப்புறம் என் பேரு இந்தச் சங்கத்துல இருக்காது. அது சரியா?" என்று கேட்டார் சிவேந்திரன்.

சரியில்லை என்று பலருக்கும் பட்டது. ஒருவர் எழுந்து, இப்போது மனைவியைச் சேர்த்தால் நாளைக்கு மருமகளையும் சேர்க்கவேண்டி வரும் என்றார். சிரிப்பு எழுந்தது. பின்கட்டில் தேநீர் ஊற்றுவது ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

கைகள் உயர்ந்தன. யுகேந்திரன் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"பதினேழு," என்றார். "பதினெட்டு வேணும்."

சின்னையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற யாராச்சும்? லெட்டர் கொண்டாந்தவங்க இருந்தா இப்பவே குடுங்க. அப்புறம் குளோஸ்."

அவர் ஜெயமாலாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் சிரமப்பட்டார்.

ஜெயமாலா கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். திறக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம். அடுத்த வருடம் சிவேந்திரன் வருவாரோ மாட்டாரோ. திறந்தால், அரைமணி நேரத்துக்கு முன்னால் அந்த மேடையில் நின்று அவர் சொன்ன ஏதென்ஸ் விதவை அவரேதான். பாழாய்ப்போன அந்தக் காகிதம் உள்ளறையின் தையலில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்ததில் ஓரம் கிழிந்தது. முன்னால் நடந்துபோய் மேசையில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"பதினெட்டு," என்றார் யுகேந்திரன்.

"எழுதிக்குங்க," என்றார் சின்னையா. "திரு. கௌசிகன், ஆதரவு."

கை தட்டினார்கள். சிவேந்திரனின் தோளை நாலு பேர் தட்டினார்கள். பின்கட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்து ஜெயமாலாவின் கையைப் பிடித்து, "மகன் நல்ல பிள்ளங்க, அங்கிருந்தே சப்போர்ட் பண்ணியிருக்கு," என்றார்.

படியிறங்கும்போது யுகேந்திரன் ஓடிவந்தார்.

"டீச்சர், மினிட்ஸ் முப்பது நாளுக்குள்ள சங்கப் பதிவு ஆபீசுக்கு அனுப்பணும். அனுப்பலன்னா இன்னிக்கு எடுத்த ஓட்டு செல்லாது. நீங்கதானே எப்பவும் டைப் பண்ணுவீங்க. புதன்கிழமைக்குள்ள முடியுமா?"

"மெல்போர்ன்ல கேளுங்க," என்றார் ஜெயமாலா. "ஓட்டு போட்டது அவன்தானே."

யுகேந்திரன் சிரித்தார். ஜெயமாலா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இருபத்து நான்கு நாள் எதுவும் வரவில்லை. ஜெயமாலா தினமும் நாட்காட்டியைப் பார்த்தார். இரண்டு தரம் கணினியைத் திறந்து, தலைப்பு வரை அடித்து, மூடினார். இருபத்தைந்தாம் நாள் யுகேந்திரன் தானே அடித்த கூட்டக் குறிப்பைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பினார். தேதி தவறு. தீர்மானத்தின் எண் தவறு. பத்தி பிரிக்கத் தெரியவில்லை. அடியில், இடது மூலையில், சின்னையாவின் முதலெழுத்துகள் பெரியதாகவும், சாய்கோட்டுக்கு அப்பால் யுகேந்திரனுடையவை சின்னதாகவும் இருந்தன. அந்த ஒன்று மட்டும் சரியாக இருந்தது.

ஜெயமாலா அதை அச்செடுத்து, பழைய சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, பதினான்கு இடத்தில் வட்டம் போட்டார். வந்திருந்தோர் பட்டியலுக்குப் பக்கத்தில், 'ஒருவர் குறைகிறார்' என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பினார்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

'சாரி டீச்சர். எந்தப் பேர்ல போடுறது? மிஸிஸ் சண்முகரத்தினமா, இல்ல கௌசிகன் மதர்னா?'

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறார் என்று ஜெயமாலாவுக்குப் புரிந்தது. எரிச்சல் அதனால் குறையவில்லை. தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, முதல் வகுப்புப் பிள்ளைக்கு எழுதிக்காட்டுவதுபோல ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை அடித்து அனுப்பினார்.