நாள் குறிக்கப்படாத சாவு

உருகும் மெழுகின் மணமும் கீழே விழுந்து கனிந்த ஃபீஜோவாப் பழங்களின் மணமும் ஒன்றாக மூக்கில் ஏறினால், எண்பதுகளில் புலம்பெயர்ந்து வந்து ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடும், வேலிக்கு அப்பால் தனியே வாழ்ந்த ஹன்னா அன்ரியும் என் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். அவர் போலந்தில் பிறந்த யூதப் பெண். ஆண்டுக்கொருமுறை, இலையுதிர் காலத்தில், கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுதிரியை ஏற்றிச் சமையலறை யன்னலில் வைப்பார். மறுநாள் மாலைவரை அது எரியும். நாஜிகள் கொண்டுபோன தங்கைக்கான விளக்கு அது. யூதர்களுடைய மாதங்களும் நிலவைப் பார்த்தே நடப்பதால் அந்த நாள் ஆண்டுதோறும் இடம் மாறும். "எங்கட திதி மாதிரித்தான்" என்று அப்பா சொல்ல, அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, தமிழரைத் தேடித்தேடிக் கொன்ற கொழும்புக் கலவரத்தன்று வேலைக்கென்று கந்தோருக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் பொறுத்திருந்த அப்பா, ஒரு மாலை, "இனி எங்க வரப்போறான்? ஆடி அமாவாசையில எண்டாலும் திவசத்தைச் செய்வம்" என்றார்.

"அவன் செத்ததை ஆர் கண்டது? நீங்கள் கண்டனீங்களே?" என்று அம்மா கத்தினார்.

அந்த நேரத்தில்தான் ஹன்னா அன்ரி உள்ளே வந்தார். யூதர்களின் தொழுகைக்கூடத்திலிருந்து வந்திருந்தார். இறந்தவர்களுக்கான பிரார்த்தனையைச் சொல்லப் பத்து ஆண்கள் கூட வேண்டுமாம். அன்று ஒன்பது பேரே வந்ததால் சொல்லாமலே கலைந்துவிட்டார்களாம். "நானும் அங்கேதான் இருந்தேன். என்னைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்" என்றார்.

அம்மா அழுதபடி நடந்ததைச் சொன்னார். அன்ரி ஆறுதல் சொல்வார் என்றே நான் நினைத்தேன். அவரோ ஆங்கிலத்தில் மெதுவாக, "என் தங்கை செத்த நாளும் எனக்குத் தெரியாது. ஏதாவதொரு நாளை வைத்துக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள், வைத்தேன். அதன்பிறகு அவளை யாருமே தேடவில்லை. நானும்தான்" என்றார்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் திவசப் பேச்சு எழவில்லை. மாமாவைப் பற்றிய பேச்சும் இல்லை. ஒரே மேசையில் சாப்பிட்ட அப்பாவும் அம்மாவும் அந்தப் பெயரைச் சுற்றிச் சுற்றி நடந்தே கிழவர்களானார்கள்.

இன்று அந்த வேலியும் இரண்டு வீடுகளும் இல்லை. மாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஹன்னா அன்ரியும் இறந்துவிட்டார்; அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு யார் விளக்கேற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பின் அம்மாவும் சென்ற குளிர்காலத்தில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் ஐயர், "தாயோட கூடப்பிறந்தவையில ஆரும் மோசம்போனவையே?" என்று கேட்டார். நான் குத்துவிளக்கின் திரியைத் தூண்டினேன். இங்கே பிறந்து வளர்ந்த என் தம்பி, "ஒரு சகோதரர். செத்துவிட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அவருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்க ஐயர் பெயரைக் கேட்டார். தம்பிக்குத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன்.