சம்பந்தி வீட்டுக் கீபோர்டு

இன்று பழனி பஞ்சாமிர்தம் கொடுக்கக் கிணத்துக்கடவில் சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனேன்.

அங்கே என் மகன் தரையில் உட்கார்ந்து, அவர்கள் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பழைய கீபோர்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் புதுக் கீபோர்டும் ஒரு தட்டு போண்டாவும்.

"காப்பியக் கொட்டிப்போட்டனுங்க. போன் பண்ணுனதும் மாப்பிள்ளை ஓடியாந்துட்டாருங்க" என்று சம்பந்தியம்மா சிரித்தார்.

என் லேப்டாப்பில் தை மாதத்திலிருந்து மூன்று எழுத்து விழுவதில்லை. கேட்டால் ஆபீசில் வேலை என்பான்.

"ஏங்கண்ணு, நம்ம போத்தனூர் ஊட்டுக்கு வழி மறந்துபோச்சா?" என்றேன்.

"உங்களுது மூணு எழுத்துதானுங்கம்மா போச்சு. அத்தையோடது மொத்தமும் போயிருச்சு" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, மீதி எழுத்தையும் எடுத்துக்கொள்ளப்பா என்று வேண்டிக்கொண்டேன்.

இது பாவத்தில் சேருமா? மகனைப் பெற்றவர்கள் மட்டும் பதில் சொல்லுங்கள்.