கத்தரிக்குப் பக்கத்தில் ஒரு மரம்

நோபல் பார்க் வீட்டுப் பின்வளவில் ரோடோடென்ட்ரன் என்ற பூமரம் வளர்க்கிறேன், முழங்கை நீள இலைகள் கொண்ட இமயமலை இனம். வெயிலுக்குக் குடை, குடிக்க மழைத்தண்ணீர். மாமியாரைக்கூட நான் இப்படிக் கவனித்ததில்லை. வீட்டுக்கு வரும் எங்கள் சனமோ இலையைத் தடவிவிட்டு ஒரே கேள்விதான் கேட்கும்: "இதில சோறு போட்டுச் சாப்பிடலாமோ?"

பல வருடம் கழித்து, இந்த வசந்தத்தில்தான் முதல்முறையாகப் பூத்தது. பக்கத்துத் தெரு அன்ரியைப் பெருமையோடு கூட்டிவந்து காட்டினேன்.

"பூவை வறை வறுக்கலாமோ?"

"நஞ்சு, அன்ரி. இலையும் நஞ்சு."

அப்போதுதான் அவருக்கு மரத்தின்மேல் ஒரு மரியாதை வந்தது.

"அப்ப பூச்சி கிட்ட வராது. பக்கத்தில கத்தரிக்கண்டு வையும்."

கன்றுகளையும் அவரே கொண்டுவந்து நட்டார். போன கிழமை வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கத்தரிக்கு வெயில் காணாது. அந்த மரத்தை வெட்டிவிடும்."