மணப்பாட்டுக்காரனுக்குக் கிடைத்த நீச்சல் வேலை

உடற்கல்வியில் பி.பி.எட். முடித்த எனக்கு இன்று தூத்துக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் இன்டர்வியூ. தாளாளர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"மணப்பாடு சார்."

"அப்போ சரி. திங்கக்கிழமையிலருந்து நீச்சல் கிளாஸ நீங்க பாத்துக்கிடுங்க. எல்லாம் சின்னப் பிள்ளைய."

மணப்பாடு கடலோர மீனவர் ஊர்தான். அப்பா கடலுக்குப் போகிறவர்தான். எனக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் மூச்சடைக்கும். கல்லூரி நீச்சல் குளத்தில் தண்ணீரே கிடையாது. நீச்சலைப் பரீட்சை எழுதித்தான் பாஸ் செய்தேன். வேலை போய்விடுமே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெளியே ஆபீஸ் அக்கா தன் மகளிடம், "கடக்கரை சாரு வந்துட்டாருல்லா, இனி பயமில்ல," என்றார். அந்தப் பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டது.

பஸ் ஏறியதும் இதை எழுதுகிறேன்.

திங்களுக்குள் எனக்கு யார் நீச்சல் சொல்லித்தருவீர்கள்? மணப்பாட்டுக்காரர்கள் மட்டும் வேண்டாம். அப்பா காதுக்குப் போய்விடும்.