இடையில் வைத்த பத்தி

வெர்னா பிலெக்கியை அந்தக் காப்பீட்டுக் கம்பெனியில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் கணினி அட்டைக்குத் துளை போடும் வேலையில் சேர்ந்தவள், கோபோல் என்ற கணினி மொழியைத் தானாகவே படித்து, பாலிசிதாரர்களுக்குக் கடிதம் அனுப்பும் நிரலை எழுதினாள். அதன்பின் அதில் வேறு யாரையும் கைவைக்க விடவில்லை. கம்பெனி இரண்டு முறை புது மொழிக்கு மாறப் பார்த்தது. இரண்டு முறையும் முடியாமல் அவளிடமே திரும்பி வந்தது. அந்தத் திமிர் அவளுக்கு இறங்கவே இல்லை.

மேலதிகாரிகளும் படித்துப் புரிந்துகொள்ளட்டும் என்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் ராணுவத் தலைமையகத்தில் கூடிப் பேசி, வாக்கியம் வாக்கியமாக எழுதும்படி அமைத்த மொழி கோபோல். மேலாளர் டென்னிஸ் ஓக்ஸ் ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஆனால் கோடையில் அவள் நிரலில் ஒரு கோளாறு நடந்தபோது அவளிடம் சொல்லிவிட்டான்: "இன்னொரு தப்பு நடந்தா நிரல் ஹோவர்டுக்குப் போயிடும்."

எதிர் மேசை ஹோவர்ட் ட்ராஸ்க் அன்றிலிருந்து காத்திருந்தான்.

கோபோலில் கட்டளைகளைப் பத்தி பத்தியாக எழுதுவார்கள். 'இந்தப் பத்தியிலிருந்து அந்தப் பத்திவரை செய்' என்று கட்டளையிடலாம். இடையில் எது கிடந்தாலும் சேர்ந்தே ஓடும். அதனால் புதுப் பத்தியை நிரலின் அடியில்தான் சேர்க்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவளே வெர்னாதான். ஒரு முறை மீறிய ஹோவர்டைச் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

அக்டோபரில் இரங்கல் கடிதத்துக்கு ஒரு பத்தி எழுதினாள். கடிதங்கள் ஓரிடத்தில் இருந்தால் பார்க்க அழகு என்று, முகவரி மாற்றக் கடிதத்தின் பத்திகளுக்கு நடுவில் வைத்தாள். இறந்த ஒருவரின் பாலிசியை ஓட்டிப் பார்த்தாள், சரியாக வந்தது. உயிரோடிருப்பவருடையதை ஓட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம், வீடு மாறிய அத்தனை பேர் குடும்பத்துக்கும் இரங்கல் கடிதம் போயிருந்தது. தொலைபேசி ஓயவில்லை.

"தகவல் பதியறவங்க தப்பா பதிஞ்சிருப்பாங்க" என்றாள் வெர்னா.

ஹோவர்ட் காபியை உறிஞ்சினான். "ஆமாமா, ஊரே தப்பு, நீ மட்டும் மாதா கோயில் சிலை. அந்தப் பத்திய எங்க வச்ச, மகாராணி?"

அவளுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. காது மடல் சுட்டது.

"உன் வாயக் கழுவுடா முதல்ல."

"வாயி கிடக்கட்டும். நடுவுல வச்சியா இல்லையா?"

டென்னிஸ் இருவரையும் பார்த்தான். "வெர்னா?"

"வச்சேன். அஞ்சு நிமிஷத்துல எடுத்து அடியில போட்டுடறேன்."

"வேணாம். ஹோவர்ட் பண்ணட்டும். இனிமே எல்லாமே அவர்தான்."

"இவனா? இவனுக்கு அதுல தலை எது வால் எதுன்னு தெரியுமா?"

"வாக்கியமாத்தானே எழுதியிருக்க? படிச்சுக்கறேன்" என்றான் ஹோவர்ட். வாய் காதுவரை போயிற்று.

எல்லோரும் அவள் ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்றார்கள். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, தன் நாற்காலியை அவன் திரை தெரியும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பாக்கற?" என்றான் அவன்.

"நீயும் ஒருநாள் நடுவுல வைப்பல்ல. அதத்தான்."