சகலை சேர்த்தார், நானும் சேர்த்தேன்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். யார்மீது என்று யோசித்தால் பட்டியலில் என் பெயர்தான் முதலில் வருகிறது. அதற்காக மற்றவர்களைச் சும்மா விடுவதாக இல்லை.

என் மகளைப் பதினொன்றாம் வகுப்புக்கு நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தேன். உயிரியல் பிரிவு. அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஆனால் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் சகலை அந்தப் பள்ளிக்குப் போய் விசாரித்ததாக மனைவிக்குத் தகவல் வந்தது. அன்று சாயங்காலமே நான் விண்ணப்பம் வாங்கிவிட்டேன். அதுவரை மகளை டாக்டராக்கும் கனவு எனக்கு வந்ததே இல்லை. விண்ணப்பம் கைக்கு வந்ததும், பிறந்ததிலிருந்தே அந்தக் கனவோடு இருப்பவன் போல ஆகிவிட்டேன். மகளிடமும் கேட்டேன். “சரிங்கப்பா” என்றாள். அதற்குச் சம்மதம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். சுயசிந்தனை பற்றிய புத்தகங்களை அடிக்கோடிட்டுப் படிக்கிறவன் நான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் போய்ப் பார்க்கலாம். மரத்துக்கு மரம் பாய் விரித்துத் தூக்குப்போசியைத் திறப்பார்கள். பிள்ளைகள் சாப்பிடும், பெற்றவர்கள் பக்கத்துப் பாயில் என்ன மார்க் என்று விசாரிப்பார்கள். அப்படிப் போன மூன்றாவது ஞாயிறு என் மகள் சோற்றைத் தொடவில்லை.

“எனக்கு இந்தப் படிப்பு வேண்டாங்கப்பா. புத்தகத்தைத் தொறந்தாலே கை சில்லுன்னு ஆயிருது.”

பக்கத்துப் பாயில் சகலை, தன் மகளுக்குக் கறி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பழியைப் போட ஆள் பக்கத்திலேயே இருக்கும்போது யார் விடுவார்கள்?

“நீங்க சேர்த்தீங்கன்னுதான் சகலை நானும் சேர்த்தேன்.”

“நானுங்களா? நீங்க அப்ளிகேசன் வாங்கிட்டீங்கன்னு ஊட்ல சொன்னாங்க. நாலெழுத்துப் படிச்சவரு வெவரமில்லாமயா வாங்குவாருன்னு நானும் வாங்கிப்போட்டனுங்க.”

“அதுக்கு முந்தியே போய் விசாரிச்சீங்களாமே?”

“அது, ஆஸ்டலுக்கு முட்டை எறக்கலாமான்னு கேக்கப் போனனுங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு முட்டை வியாபாரத்தை நம்பி மகளை அடைத்து வைத்திருக்கிறேன். என்னை நம்பி அவரும் மகளை அடைத்து வைத்திருக்கிறார். மைதானம் முழுக்க இதே கதையாகத்தான் இருக்கும் என்று தோன்றியபோது, ஒவ்வொரு பாயையும் உதறிச் சுருட்டி எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. மகளிடம் திரும்பினேன்.

“சரி சாமி, வேண்டாம். ஆடிட்டருக்குப் படிக்கலாம், நல்ல படிப்பு.”

“உங்க ஆபீஸ்ல யாரு பொண்ணுங்கப்பா அதைப் படிக்குது?”

மேனேஜருடைய பெண். எழுந்து மகளைப் பள்ளி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே மாற்றுச் சான்றிதழுக்குப் படிவம் கொடுத்தார்கள். காரணம் எழுதும் இடத்தில் தயங்கினேன். “அல்லாரும் உடம்பு செரியில்லைன்னுதானுங்க எழுதுவாங்க, அதையே எழுதிருங்க” என்றார் எழுத்தர். பாதி எழுதியும்விட்டேன். பிறகு அதை அடித்துவிட்டுப் பேனாவை மகளிடம் கொடுத்தேன். ‘இந்தப் படிப்பு எனக்கு வேண்டாம்’ என்று எழுதினாள்.

எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். “அப்ப வேற என்னம்மா படிக்கப் போற?”

“தெரியலீங்க.”

என் நாக்கு நுனியில் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. மூன்றும் யார் யாரோ பெற்ற பிள்ளைகளுடையவை. பல்லைக் கடித்துக்கொண்டு அவளுடைய பெட்டியைத் தூக்கினேன்.